ஸ்டூடியோ வாசலில் பிரியாணிப் பை

வாசகர் கேள்வி

வணக்கம் அக்கா. எனக்கு 32 வயது. சொந்த ஊர் மன்னார்குடி பக்கம். பள்ளிக்கூடத்தில் இருந்தே மிமிக்ரி செய்கிறேன். 2016இல் சென்னைக்கு வந்தேன். ஒரு டிவியின் காமெடிப் போட்டியில் இரண்டு சீசன் சேர்த்து 11 எபிசோடு வந்தேன். காலிறுதிக்கு முன்பே வெளியே அனுப்பிவிட்டார்கள். கடைசி நான்கு எபிசோடுக்கான 12,000 ரூபாய் இன்னும் வரவில்லை.

இப்போது ஷூட்டிங் தொடங்கும் முன் ஆடியன்ஸைச் சிரிக்கவைத்துக் கைதட்டப் பழக்கும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், நாளைக்கு 800 ரூபாய். வெங்காய வண்டி, பழைய இரும்பு வண்டிகளின் ஒலிபெருக்கிக்குக் குரல் பேசித் தருகிறேன், ஒன்றுக்கு 300. அந்த வெங்காய வண்டிக் குரல் எங்கள் ஊர்த் தெருவிலும் ஓடுவதாக நண்பன் சொன்னான். நடுநடுவே ரிசப்ஷன், கடைத் திறப்பு விழா, பள்ளி ஆண்டு விழா. மீதி நேரம் சாப்பாடு டெலிவரி. பிப்ரவரியில் 31,000, மார்ச்சில் 26,500, ஏப்ரலில் வெறும் 13,000 வந்தது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்டர் எடுத்தால், நான் நடித்த அதே ஸ்டூடியோ. ஆறு பிரியாணி. பையை செக்யூரிட்டி மேசையில் வைத்துவிட்டு, கம்பெனி டி-ஷர்ட் தெரியாமல் ஜெர்கின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு ஓரமாக நின்றேன். வாங்க வந்தவர் என்னைத் தெரிந்த ஃப்ளோர் மேனேஜர். "என்னப்பா, இன்னைக்கு உனக்கும் ஷூட்டா?" என்றார். "ஆமா சார்" என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்வரை போனில் பேசுவதுபோல நின்றேன். அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

அதே டிவியில் புது நிகழ்ச்சிக்கு எழுத்து உதவிக்குக் கூப்பிடுகிறார்கள். மூன்று மாதம் சம்பளம் இல்லை, அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள். போரூரில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் 22,000 சம்பளத்துக்கு வேலை இருக்கிறது. காலை 10 முதல் இரவு 9 வரை, வார விடுமுறை செவ்வாய். மனைவியின் தோழி நடத்தும் மழலையர் பள்ளியில் காலையில் மூன்றரை மணி நேரம் கதை சொல்லக் கூப்பிட்டார்கள், 12,000 தருகிறார்களாம். எனக்கு அதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டேன். மனைவி லேப் டெக்னீஷியன். ஜூனில் மகளை எல்கேஜி சேர்க்க வேண்டும், அதற்குள் ஒரு முடிவு சொல் என்கிறாள். நான் டெலிவரி செய்வது அவளுக்குத் தெரியும். ஸ்டூடியோ வாசலில் நடந்தது தெரியாது. ஊரில் அம்மாவுக்கு எதுவுமே தெரியாது, டிவியில் வேலை என்று நினைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் "இந்த வாரம் வருவியா?" என்று கேட்கிறார். நான் காமெடியை விட்டுவிட வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சாலிகிராமம்

பதில்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்த ஜெர்கின் ஜிப்பில் வந்து நின்றுவிட்டேன். சித்திரை வெயிலில் கழுத்துவரை ஜிப்பை இழுத்துக்கொண்டு நிற்பவரின் முதுகில் வேர்வை எப்படி ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். 21 வருடமாகத் தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிகளின் எழுத்துப் பிரிவில் இருக்கிறேன். உங்களைப் போல எத்தனையோ தம்பிகள் மேக்கப்பைக் கலைத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே போய் வேறு சட்டை மாற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்புவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஃப்ளோர் மேனேஜருக்கும் அது புதிதாக இருக்காது. நீங்கள் சொன்ன பொய்யை அவர் நம்பினாரா என்பதே சந்தேகம்.

காமெடியை விட வேண்டாம். ஆனால் இப்போது ஓடுகிற மாதிரியே ஓட்டவும் வேண்டாம்.

எளிதானதை முதலில் முடித்துவிடுகிறேன். மூன்று மாதம் சம்பளமில்லாத எழுத்து வேலைக்குப் போகாதீர்கள். நான் இந்தத் துறைக்கு வந்த புதிதில் ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்கு நான்கு மாதம் அப்படி எழுதினேன். டைட்டிலில் பெயரும் வரவில்லை, பணமும் வரவில்லை. கேட்கப் போனபோது, நான் உட்கார்ந்த அதே நாற்காலியில் அடுத்து ஒரு பையன் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தான். சம்பளமில்லாமல் ஆள் கிடைக்கும் இடத்தில் நான்காவது மாதமும் சம்பளமில்லாத ஆள்தான் தேடுவார்கள்.

அந்த வேலையின் நேரத்தையும் யோசியுங்கள். செட்டு வாடகை, லைட்டு வாடகை எல்லாம் நாள் கணக்கு என்பதால் ஒரே நாளில் இரண்டு எபிசோடு எடுப்பது வழக்கம். காலை 7 மணிக்கு உள்ளே போனால், மேடையில் எடுபடாத கவுண்டர் வசனத்தை அந்த இடத்திலேயே மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வர நள்ளிரவு தாண்டும். அந்த நாட்களில் டெலிவரியும் கிடையாது, ரிசப்ஷனும் கிடையாது. ஆக, உங்கள் கைக்காசைப் போட்டு அவர்களுக்கு எழுதிக் கொடுப்பீர்கள். ஆசை இருந்தால் இப்படிக் கேளுங்கள்: "வாரத்தில் இரண்டு நாள் வருகிறேன் சார். எபிசோடுக்கு இவ்வளவு கொடுங்கள். டைட்டிலில் பெயர் வேண்டும்." தொகை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தால்கூடப் போதும். மறுத்தால் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். எழுத்தாளராகக் கூப்பிட்டார்கள் என்பதே உங்களிடம் சரக்கு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருப்பதைக் காட்டுகிறது.

அடுத்து போரூர் கடை. மாதச் சம்பளம் உங்களுக்கு வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. மூன்று மாதக் கணக்கைக் கூட்டினேன்: 70,500. மாதத்துக்குச் சராசரி 23,500. இதில் பெட்ரோல், வண்டி சர்வீஸ் கழித்தீர்களா என்று எழுதவில்லை. டெலிவரி ஓட்டுகிறவருக்கு 5,000, 5,500 அதற்கே போய்விடும். மிச்சம் 18,000. அதுவும் ஏப்ரல் போல ஒரு மாதம் வந்தால் வாடகைக்கே இழுக்கும். அந்த வகையில் 22,000 பெரிய நிம்மதிதான்.

ஆனால் இரவு 9 மணிவரை கடையில் நின்றால் எந்த ரிசப்ஷனுக்குப் போவீர்கள்? சனி, ஞாயிறு விடுமுறை கிடையாது. ஆடித் தள்ளுபடி நாட்களில் செவ்வாய்க்கிழமை விடுமுறையும் போய்விடும். நம் தொழிலில் காசு வருவது மாலை 6 மணிக்கு மேல், வாரக் கடைசியில், திருவிழா நாட்களில். அந்த நேரம் முழுவதையும் கடைக்குக் கொடுத்துவிட்டால், காமெடியை விடுகிறேன் என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆறு மாதத்தில் அது தானாகவே விட்டுப்போகும்.

இங்கே உங்களுக்கு யாரும் சொல்லித் தராத ஒன்றைச் சொல்கிறேன். டிவியில் வரும் சம்பளத்தை வைத்து நம் ஆட்கள் யாரும் குடும்பம் நடத்துவதில்லை. டிவியில் முகம் வந்ததால் வெளியே கிடைக்கிற மேடைகளை வைத்துத்தான் நடத்துகிறார்கள். அந்த மேடைகளுக்கு ஒரு பருவம் இருக்கிறது, விவசாயம் மாதிரி. தையில் பொங்கல் விழாக்கள். ஜனவரி முதல் மார்ச் வரை பள்ளி ஆண்டு விழா, கல்லூரி விழா. பங்குனியில் தொடங்கி ஆடி முடிய கோயில் திருவிழா. தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தம் நிறைய உள்ள மாதங்களில் ரிசப்ஷன். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இல்லை, புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. உங்களுக்குப் பிப்ரவரி 31,000 ஆனதும் ஏப்ரல் 13,000 ஆனதும் உங்கள் திறமை ஏறி இறங்கியதால் இல்லை. ஆண்டு விழாக்கள் முடிந்துவிட்டன, அவ்வளவுதான். ஏப்ரலில் நீங்கள் போயிருக்க வேண்டியது கோயில் மேடைகளுக்கு. மன்னார்குடிக்காரர் நீங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் பங்குனி, சித்திரையில் எத்தனை ஊரில் காப்புக் கட்டுகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "டிவி புகழ்" என்று போஸ்டரில் போட உங்களிடம் 11 எபிசோடு இருக்கிறது. மாசி மாதமே அந்தப் பக்கத்து ஆர்க்கெஸ்ட்ரா குழுக்களிடம் போன் பேசித் தேதி வாங்கியிருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஸ்டூடியோ வாசலில் நின்றிருக்க மாட்டீர்கள்.

பருவம் தவறினால் என்ன ஆகும் என்று 2020இல் பார்த்தோம். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. பங்குனி முதல் ஆடி வரையான மொத்த அறுவடையும் போய்விட்டது. எனக்குத் தெரிந்த நல்ல நல்ல மேடைக் கலைஞர்கள் காய்கறி வண்டி தள்ளினார்கள். மேடையை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்று அன்று புரிந்தது. அதனால்தான் உங்களுக்கு மாதம் பிறந்தால் வருகிற ஒரு தொகை வேண்டும் என்கிறேன்.

வேறு வேலை பார்த்தால் கலைஞன் இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? நாகேஷ் ரயில்வேயில் எழுத்தராக இருந்தவர். அந்த வேலையில் இருந்துகொண்டே நாடகம் போட்டார். வயிற்றுவலிக்காரராகச் சில நிமிடமே வந்து போன ஒரு சின்ன வேஷத்துக்கு எம்.ஜி.ஆர். மேடையிலேயே பாராட்டினார். இயக்குநர் பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ் என்கிற அரசுக் கணக்கு அலுவலகத்தின் ஊழியர். சோ வழக்கறிஞர். கிரேஸி மோகன் கிண்டியில் பொறியியல் படித்துவிட்டு சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். சென்னை சபா மேடைகளில் நாம் கேட்டு வளர்ந்த நகைச்சுவையில் பெரும்பகுதி, காலையில் அலுவலகம் போய்விட்டு மாலையில் ஒத்திகைக்கு வந்தவர்கள் எழுதியதும் நடித்ததும்தான். 2025 செப்டம்பரில் மறைந்து நம்மை உலுக்கிய நகைச்சுவை நடிகர் ரோபோ சங்கரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? ஊர் ஊராகப் போய், உடம்பு முழுக்க வெள்ளி நிறம் பூசிக்கொண்டு இயந்திர மனிதனைப் போல ஆடியதால் வந்தது. அந்தப் பூச்சைக் கழுவித் துடைப்பதே ஒரு வேலை. அதை மறைக்காமல் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார்.

எனவே அந்த மழலையர் பள்ளி. கடிதத்தில் ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உங்களுக்கு வந்திருப்பதிலேயே நல்ல வேலையாகத் தெரிகிறது. காலையில் மூன்றரை மணி நேரம், 12,000. மதியத்துக்கு மேல் உங்கள் நேரம். வாரக் கடைசி உங்களுடையது. மே மாத விடுமுறைக்குச் சம்பளம் உண்டா என்று மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மகளுக்கு அங்கேயே எல்கேஜி இடமும் கட்டணச் சலுகையும் கேட்கலாம், தயங்காதீர்கள். பள்ளியில் வேலை பார்ப்பவர்கள் வழக்கமாகக் கேட்பதுதான். மேடை இல்லாத மாலைகளில் மட்டும் டெலிவரி ஓட்டினால் போதும்.

காசுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் பெயர் இல்லாததால் உங்கள் எபிசோடுகளை நான் பார்க்கவில்லை. ஆனால் மிமிக்ரி கலைஞர்கள் காலிறுதி வாசலில் நிற்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், அதை நூறு முறை பார்த்திருக்கிறேன். முதல் நான்கு சுற்று நடிகர்களின் குரலை வைத்து ஓட்டிவிடலாம். அந்தக் குரல் வந்ததுமே ஆடியன்ஸ் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் அந்த நடிகருக்குச் சேர வேண்டியது. ஐந்தாவது சுற்றில் "சரி, நீ யார்?" என்று நடுவர்கள் மறைமுகமாகக் கேட்கத் தொடங்குவார்கள். அப்போது கையில் ஒன்றும் இருக்காது.

நான்கு வயதுக் குழந்தைக்கு எந்தப் பழைய நடிகரின் குரலும் தெரியாது. நம்பியார் குரலில் நரி பேசினால் அதற்கு அது நரியின் குரல். அந்த நரி ஏன் அப்படிப் பேசுகிறது, எதற்குப் பயப்படுகிறது, பொய் சொல்லும்போது எப்படி இழுக்கிறது என்று நீங்கள் காட்டினால்தான் சிரிக்கும். நாளைக்கும் அதே நரியைக் கேட்கும். அதே குரல், அதே இழுப்பு வரவில்லை என்றால் "இது அந்த நரி இல்ல" என்று சொல்லிவிடும். ஒரு பாத்திரத்தை உருவாக்கி, அதை மாறாமல் பிடித்து நிறுத்தும் பயிற்சிக்கு நாங்கள் தேடித் தேடி ஆள் வைத்து ஒத்திகை பார்ப்போம். உங்களுக்கு அது மாதச் சம்பளத்தோடு கிடைக்கிறது.

நடிகர் குரலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கடைத் திறப்பு விழா என்று எழுதியிருக்கிறீர்கள். மேடையில் வேடிக்கைக்குப் பேசுவது வேறு. கடை விளம்பரமாகப் பதிவு செய்து ஓடவிடுவது வேறு. 2015இல் ரஜினிகாந்தின் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்திய ஓர் இந்திப் படத்துக்கு சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2023 ஜனவரியில் அவருடைய பெயர், படம், குரல் எதையும் அனுமதியின்றி வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அவர் தரப்பு வழக்கறிஞர் பொது அறிவிப்பே வெளியிட்டார். கடைக்காரர் 500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து எந்த நடிகர் குரலில் கேட்டாலும், பதிவு செய்யும் விளம்பரத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். பிரச்சினை வந்தால் கடைக்காரர் உங்கள் நம்பரைத்தான் கொடுப்பார். உங்கள் வெங்காய வண்டிக் குரல் யாருடைய குரலும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நீங்களே செய்த குரல். அதனால்தான் ஊர் ஊராக ஓடுகிறது. அந்தப் பாணியை இன்னும் நாலு விதமாகச் செய்துவையுங்கள்.

அப்புறம் டெலிவரி. நீங்கள் ஜிப்பை இழுத்து மூடியது டி-ஷர்ட்டை மட்டும் இல்லை, உங்களிடம் இருக்கிற நல்ல சரக்கையும் சேர்த்துத்தான். ஒரு நாளில் எத்தனை வாசலில் நிற்கிறீர்கள்! டெலிவரி ஆட்கள் லிப்ட் பயன்படுத்தக் கூடாது என்று ஒட்டியிருக்கும் அடுக்குமாடி. பெல் அடிக்காதே, குழந்தை தூங்குகிறது என்று குறிப்பு எழுதிவிட்டுப் போனையும் எடுக்காதவர். கதவை இரண்டு விரற்கடை திறந்து கையை மட்டும் நீட்டுபவர். ஒற்றையாக இருக்கும் பெரியவர், பார்சலை வாங்கிக்கொண்டு "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுப் பத்து நிமிடம் நிறுத்திவைப்பது. இவர்கள் எல்லாரும் வேறு வேறு குரலில் பேசுகிறார்கள், நீங்களோ குரலை எடுப்பதில் கைதேர்ந்தவர். எந்தப் போட்டியாளருக்கும் இது கிடைக்காது. ஒவ்வொரு நாளும் ஒரு வாசலை எழுதுங்கள். போனில் தட்டாமல் நோட்டில் எழுதுங்கள். என் அனுபவத்தில் போனில் எழுதியதை யாரும் திரும்பப் படிப்பதில்லை. உட்கார இடம் வேண்டுமென்றால், உங்களைப் போன்றவர்களுக்காக 2025இல் சென்னை மாநகராட்சி அண்ணா நகர் இரண்டாவது அவென்யூவில் ஏசி ஓய்வறை கட்டியிருக்கிறது. ஆர்டர் வரும்வரை அங்கே உட்கார்ந்து அரைப் பக்கம் எழுதலாம்.

அந்த ஸ்டூடியோ வாசல் காட்சியையே முதலில் எழுதுங்கள். ஆறு பிரியாணி, ஜெர்கின், போனில் யாரும் இல்லாமல் பேசியது. போனில் என்ன பேசினீர்கள் என்று நீங்கள் எனக்கு எழுதவில்லை. அதை எழுதிப் பாருங்கள், ஐந்து நிமிட ஸ்கிட் அதில் இருக்கிறது.

இனி பண விஷயம். இதை வேகமாகச் சொல்கிறேன், ஆனால் விட்டுவிடாதீர்கள். நிலுவை 12,000 ரூபாய்க்கு எபிசோடு ஒளிபரப்பான தேதிகளைப் போட்டு ஒரு பில் தயார் செய்து, மெயிலிலும் அனுப்பி, பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். கோ-ஆர்டினேட்டரிடம் போனில் கேட்டுக்கொண்டே இருந்தால் வராது. கணக்குப் பிரிவுக்குக் காகிதம் போனால்தான் அவர்களுக்கு அது பாக்கி. இனி செய்யும் வேலைகளுக்காக, சிறு தொழில்களைப் பதிவு செய்யும் மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் உங்களைச் சிறு சேவைத் தொழிலாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. அப்படிப் பதிவு செய்தவருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. தாமதித்தால் வட்டியோடு கேட்டுப் புகார் கொடுக்க வழி உண்டு. கொடுப்பீர்களோ இல்லையோ, பில்லின் அடியில் பதிவு எண் இருந்தாலே கணக்குப் பிரிவு கொஞ்சம் கவனிக்கும்.

டிவியிலும் பெரிய நிகழ்ச்சிகளிலும் உங்கள் சம்பளத்தில் 10 சதவீதம் வரி பிடித்திருந்தால் அது உங்கள் பணம். உங்கள் வருமானத்துக்கு வரியே வராது. ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும். நம் ஆட்களில் பாதிப் பேர் இதைக் கேட்பதே இல்லை. வண்டி ஓட்டுகிறீர்கள் என்பதால் வங்கியில் வருடத்துக்கு 20 ரூபாய் கட்டும் பிரதமர் விபத்துக் காப்பீட்டை இன்றே எடுங்கள், 2 லட்சம் வரை கிடைக்கும். டெலிவரி ஊழியர்களுக்கென்று தமிழ்நாடு அரசு 2023இல் நல வாரியம் அமைத்திருக்கிறது; அதிலும் உறுப்பினராகுங்கள்.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆடியன்ஸைக் கைதட்டப் பழக்கும் வேலையில் மைக் சரியில்லாமல் கத்துவீர்கள் என்று தெரியும். மைக் இல்லாமல் அந்த 800 ரூபாய்க்குக் கத்தாதீர்கள். அடிக்கடி தொண்டையைச் செருமாதீர்கள், தண்ணீர் பாட்டில் வண்டியில் எப்போதும் இருக்கட்டும். கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், அரசு மருத்துவமனையிலேயே பார்ப்பார்கள். கத்திக் கத்திக் குரல் நாணில் முடிச்சு விழுந்து ஆறு மாதம் பேசாமல் இருந்த மிமிக்ரி கலைஞர்களை எனக்குத் தெரியும்.

வானொலியையும் மறந்துவிடாதீர்கள். அகில இந்திய வானொலியில் நாடகக் கலைஞர்களுக்குக் குரல் தேர்வு வைத்துத் தரம் கொடுக்கிறார்கள். சென்னை நிலையத்தில் எப்போது தேர்வு என்று விசாரித்து விண்ணப்பியுங்கள். பெரிய பணம் இல்லை. நானே ஒரு வானொலி நிலையத்தில் தற்காலிக அறிவிப்பாளராக, மாதத்துக்கு ஆறு நாள் டூட்டி பார்த்துத்தான் தொடங்கினேன். ஆனால் முகமோ மேக்கப்போ நடிகர் குரலோ இல்லாமல், எழுதியதை வைத்து மட்டும் ஒருவரைச் சிரிக்கவைக்க முடியும் என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

மனைவியிடம் இன்று இரவே ஸ்டூடியோ வாசலில் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். டெலிவரி அவருக்குத் தெரிந்ததுதான். தெரியாதது, நீங்கள் இத்தனை நாளாகத் தூங்காமல் கிடப்பதற்கான காரணம். ஜூனுக்குள் முடிவு சொல் என்று அவர் கேட்பது காமெடியை விட்டுவிடச் சொல்லி இல்லை என்றே நான் நினைக்கிறேன். விட வேண்டும் என்று நினைப்பவர் கதை சொல்லும் வேலையைத் தேடிக் கொண்டுவந்திருக்க மாட்டார். "உன் தோழியிடம் நானே பேசுகிறேன்" என்று சொல்லுங்கள், அவருக்கு வேண்டிய முடிவு அதுவாக இருக்கலாம்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமை "இந்த வாரம் வருவியா?" என்று கேட்பார். "டிவியில இல்லம்மா, இப்ப வேற வேற வேலை பாத்துக்கிட்டிருக்கேன், ஒண்ணு பேசிக் காட்டட்டுமா?" என்று கேட்டுவிட்டு, அந்த வெங்காய வண்டிக் குரலை அப்படியே போனில் பேசிக் காட்டுங்கள். அவர் காதில் அது ஏற்கெனவே விழுந்திருக்கும். ஒருவேளை அந்தக் குரலைக் கேட்டு வாசலுக்கு வந்து ஐந்து கிலோ வாங்கியும் இருப்பார்.